மூன்றே தடங்கள்: ஒரு ஸ்டோனர் ராக் ஆல்பத்தைக் கேட்கப் பழகுவது

1994 ஜூனில் கயஸ் என்ற கலிஃபோர்னிய ராக் குழுவின் மூன்றாவது ஆல்பம் சிடியாக வந்தது. அதில் பத்துப் பாட்டுகள். ஆனால் பத்தையும் மூன்றே தடங்களாகக் கட்டிவைத்திருந்தார்கள். ஐந்தாவது பாட்டு பிடித்திருக்கிறது, நேராக அதற்குப் போகலாம் என்று பிளேயரில் பொத்தானை அழுத்தினால் போக முடியாது. அந்தப் பாட்டு இரண்டாவது தடத்தின் நடுவில் எங்கோ கிடக்கும். கூடவே உள்ளட்டையில் ஒரு குறிப்பு: கவனம் சிதறாமல் கேட்கவும்.

இது விளையாட்டுக்குச் செய்ததாகத் தோன்றலாம். ஸ்டோனர் ராக் என்ற இசைவகையைக் கேட்கும் முறையே அந்த ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது. இந்த வகைக்குப் புதியவர்கள் சொல்லும் புகார்கள் மூன்றுதான்: எல்லாப் பாட்டும் ஒன்றுபோல இருக்கிறது, ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள், பாடகர் என்ன சொல்கிறார் என்றே கேட்கவில்லை. மூன்றும் உண்மைதான். மூன்றுக்கும் காரணம் இருக்கிறது. காரணம் புரிந்துவிட்டால் இதே மூன்றும் பிடித்துப்போகவும் வாய்ப்புண்டு.

ஸ்கை வேலி என்று எல்லோரும் அழைக்கும் அந்த ஆல்பத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். முழுப் பெயர் ‘வெல்கம் டு ஸ்கை வேலி’. அட்டைப் படத்தில் உள்ள ஊர்ப் பலகைதான் பெயராகிவிட்டது. பாடியவர் ஜான் கார்சியா, கிடார் ஜாஷ் ஹோம்மி, பேஸ் கிடார் ஸ்காட் ரீடர், டிரம்ஸ் பிராண்ட் பியோர்க். குழுவோடு சேர்ந்து தயாரித்தவர் கிறிஸ் காஸ். 1993இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் வான் நைஸ் பகுதியில் இருந்த சவுண்ட் சிட்டி ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. அதற்குள் அவர்களை வெளியிட்டுவந்த சிறு நிறுவனம் மூடப்பட்டுவிட, எலெக்ட்ரா நிறுவனத்தின் கைக்கு மாறி, மறு ஆண்டுதான் வெளியே வந்தது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டோனர் என்பது கஞ்சா புகைப்பவரைக் குறிக்கும் ஆங்கிலக் கொச்சை. இந்த இசையின் வரலாற்றில் அந்தப் பழக்கம் இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கேட்பதற்கு அது தேவையும் இல்லை. இந்தப் பெயர் பிடிக்காத இசைக்கலைஞர்களும் பலர் உண்டு. கயஸ் போன்ற குழுக்களைப் ‘பாலைவன ராக்’ என்று சொல்வதும் வழக்கம். ஓசையை விளக்க அந்தப் பெயரே பொருத்தமானது.

ஏனென்றால் இந்த ஓசை உண்மையிலேயே பாலைவனத்தில் உருவானது. தெற்குக் கலிஃபோர்னியாவின் பாம் டெசர்ட் ஊரைச் சுற்றி 1980களின் இறுதியில் இளைஞர்கள் ஊருக்கு வெளியே மணற்பரப்பில் கூடுவார்கள். பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை ஓடவிட்டு, கிடார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்களை அதில் செருகி இரவெல்லாம் வாசிப்பார்கள். மேடை கிடையாது, சுவர் கிடையாது, நேரக் கணக்கும் கிடையாது. மூன்று நிமிடத்தில் பாட்டை முடிக்கச் சொல்ல ஆளில்லாத இடத்தில் பாட்டு தானாக நீளும். சுவரில் பட்டுத் திரும்பி வரும் ஓசை இல்லாத வெளியில் கனமான ஓசை வேண்டுமென்றால் கருவியிலிருந்தே அதைக் கொண்டுவர வேண்டும். ஹோம்மி தன் கிடாரைச் சுருதி இறக்கி, பேஸ் கிடாருக்கென்று செய்யப்பட்ட ஆம்ப்பில் செருகி வாசித்தார். அந்தக் கிடார் ஓசையில் கூர்மையைவிடப் பருமன் அதிகமாக இருப்பது அதனால்தான்.

சுருதி இறக்கினால் என்ன ஆகும்

சாதாரணமாகக் கிடாரின் தடித்த கம்பி ஈ என்ற சுரத்தில் இருக்கும், விநாடிக்கு 82.4 அதிர்வு. கயஸ் அதை நான்கு அரைச்சுரம் இறக்கி சி-யில் வைத்தார்கள்: 65.4 அதிர்வு. ஆறு கம்பிகளும் அதே அளவு இறங்கும். இதைச் சி ஸ்டாண்டர்ட் என்பார்கள்.

எண்ணில் சின்ன மாற்றம்போலத் தெரியும். கம்பியின் இழுவிசையோ அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. கணக்குப் போட்டால் இழுவிசை ஏறக்குறைய 37 விழுக்காடு குறைந்துவிடும். தளர்ந்த கம்பி மீட்டிய கணத்தில் அகலமாக ஆடும். அடி விழுந்த நொடியில் சுரம் சற்றே ஏறி, பிறகு தன் இடத்துக்கு இறங்கும். இந்த இசையில் ஒவ்வொரு அடியும் ‘தொம்’ என்று விழுந்து சற்றே குழைவதுபோலக் கேட்பதற்கு இது ஒரு காரணம்.

இந்த வழியைத் திறந்துவிட்டவர் பிளாக் சாபத் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கிடார்காரர் டோனி அயோமி. தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடது கையால் மீட்டுபவர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். மெல்லிய கம்பியும் தளர்ந்த சுருதியும் விரல்களுக்கு நோவைக் குறைத்தன. 1971இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ ஆல்பத்தின் சில பாட்டுகளில் மூன்று அரைச்சுரம் இறக்கினார். விரலுக்காகச் செய்த சமரசம் ஓர் இசைவகையின் அடித்தளமானது. ஸ்டோனர் ராக் குழுக்களில் பெரும்பாலானவை இந்த ஒரு ஆல்பத்துக்குக் கடன்பட்டவை என்றால் மிகையில்லை.

ஃபஸ் என்னும் கரகரப்பு

அடுத்து கவனிக்க வேண்டியது கிடாரின் ஓசை. தேனீக் கூட்டம் இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டதுபோன்ற அந்தக் கரகரப்புக்கு ஃபஸ் என்று பெயர். காலால் அழுத்தும் சிறு பெட்டியான பெடலிலிருந்து வருவது. கிடாரிலிருந்து வரும் மின் அலை மேலும் கீழும் வளைந்து போகும். பெடல் அதைப் பல மடங்கு பெருக்கி, ஒரு எல்லைக்கு மேல் வெட்டிவிடும். மலைமுகட்டைச் சீவித் தட்டையாக்குவதுபோல. வெட்டுப்பட்ட அலையில் மூலச் சுரத்தின் மடங்குகளான புதுப்புது மேல் அதிர்வுகள் முளைக்கும். 65 அதிர்வு மட்டும் வந்த இடத்தில் 130, 196, 262 என்று அடுக்கடுக்காக ஏறும். கரகரப்பு என்று நாம் கேட்பது இந்தக் கூட்டத்தைத்தான்.

இந்த வகையில் மிகப் பரவலாகப் புழங்கும் பெடல் எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் பிக் மஃப். உள்ளே நான்கு டிரான்சிஸ்டர் கட்டங்கள். நடுவிலுள்ள இரண்டும் அலையை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டும். ஒரு முறை வெட்டியதை மறுபடி வெட்டுவதால் ஓசை வழவழப்பாகி, கம்பியை மீட்டிவிட்டுச் சும்மா நின்றாலும் நீண்டு ஒலிக்கும். அதன் டோன் குமிழை நடுவில் வைத்தால் 1000 ஹெர்ட்ஸை (விநாடிக்கு 1000 அதிர்வை) ஒட்டிய நடு அதிர்வுகள் பள்ளமாகிவிடும். அடியும் மேலும் நிறைந்து நடு காலியாக நிற்கும். அந்தக் காலி இடம் யாருக்கு? பாடகருக்கும் ஸ்நேர் டிரம்முக்கும்.

ஃபஸ் இன்னொன்றும் செய்கிறது. முகடு வெட்டுப்படுவதால் கம்பியை மெல்ல மீட்டினாலும் ஓங்கி மீட்டினாலும் சத்தம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வரும். அதாவது கிடாரால் சத்தத்தை ஏற்றி இறக்கி உணர்ச்சி காட்டுவது கடினம். அந்த வேலை டிரம்ஸின் தோளில் விழுகிறது. புதியவர்கள் கிடாரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாட்டு நகர்வதோ டிரம்ஸில்.

பல சுரங்களை ஒன்றாக மீட்டுவது கார்டு. ஏன் இரண்டே சுரங்களில் தட்டையான கார்டுகளாக வாசிக்கிறார்கள் என்ற கேள்விக்கும் விடை இங்கேதான். இரண்டு சுரங்களைச் சேர்த்து ஃபஸ் வழியாக அனுப்பினால் அவற்றின் வித்தியாச அதிர்வும் புதிதாகப் பிறக்கும். ஷட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்த கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். சி-யில் 65.4, அதன் பஞ்சமம் 98. வித்தியாசம் 32.6. அது அதே சி-யின் கீழ்ஸ்தாயி. யாருமே வாசிக்காத ஒரு பேஸ் சுரம் தானாக வந்து நிற்கிறது, அதுவும் சுருதி சுத்தமாக. பஞ்சமத்துக்குப் பதில் அந்தர காந்தாரத்தைச் சேர்த்தால் வித்தியாசம் விநாடிக்கு 17 அதிர்வு. அது சுரமாகக் கேட்காது, தகரம் படபடப்பதுபோல அதிரும். மூன்று நான்கு சுரங்கள் கொண்ட அழகான கார்டுகளை ஃபஸ்ஸில் போட்டால் சேறாவது இதனால்தான். பவர் கார்டு எனப்படும் இந்த இருசுர அடுக்கை வாசிப்பவர்கள் வேறு தெரியாமல் வாசிக்கவில்லை.

சுரங்களின் தேர்வும் எளிமையானதே. பெரும்பாலும் ப்ளூஸ் இசையிலிருந்து வந்த ஐந்து சுர மைனர் பென்டடானிக். கர்நாடக இசையில் சுத்த தன்யாசியின் ஐந்து சுரங்கள் அவை. காது பழகியவர்களுக்கு உடனே பிடிபடும். நடுவே பிரதி மத்தியமம் உரசிக்கொண்டு போகும் இடங்களில்தான் இருட்டு கவியும்.

ரிஃப்பை எண்ணுங்கள்

சில விநாடிகள் ஓடும் கிடார் வாக்கியம் ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் அது ரிஃப். மற்ற ராக் பாட்டுகளில் ரிஃப் பாடகருக்குப் பாதை போடும். இங்கே ரிஃப்தான் பாட்டு. பாடகர் அதன் மேல் வந்துபோகும் விருந்தாளி.

நிமிடத்துக்கு 70 அடி என்ற நடையில் நான்கடி ஆவர்த்தனம் ஒன்று 3.4 விநாடி பிடிக்கும். நான்கு ஆவர்த்தன ரிஃப் என்றால் ஏறக்குறைய 14 விநாடி. அதை எட்டு முறை வாசித்தாலே இரண்டு நிமிடத்தை நெருங்கிவிடும். பாட்டு ஆறு, ஏழு நிமிடம் ஓடுவதில் வியப்பில்லை.

திரும்ப வருவதெல்லாம் அச்சாக ஒன்றல்ல. ஸ்கை வேலியின் முதல் பாட்டு ‘கார்டீனியா’. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, ரிஃப் ஒவ்வொரு முறை முடியும்போதும் ஒரு கோடு போடுங்கள். கோடு போடும் கணத்தில் டிரம்ஸில் என்ன மாறியது என்று மட்டும் பாருங்கள். மூடியிருந்த ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) திறந்ததா, கை தாளம் ஓட்டும் பெரிய தட்டான ரைடு சிம்பலுக்குப் போனதா, ஓங்கி அறையும் தட்டான கிராஷ் சிம்பலை ஒவ்வொரு அடிக்கும் அறைகிறாரா? மூடிய ஹை-ஹாட் என்றால் பாட்டு அடக்கி வாசிக்கிறது என்று பொருள். கிராஷ் என்றால் கதவெல்லாம் திறந்துவிட்டது. இரண்டு பாட்டுக்கு இப்படிக் கோடு போட்டாலே ‘ஒரே துண்டு’ என்ற புகார் போய்விடும். அதற்குப் பிறகு தாள் தேவைப்படாது.

அடுத்து கவனிக்க வேண்டியது அடி விழும் இடம். காலால் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். இரண்டாவது, நான்காவது அடியில் ஸ்நேர் உங்கள் காலோடு சேர்ந்து விழுகிறதா, ஒரு மயிரிழை பிந்தி விழுகிறதா? பிந்தி விழும் இடங்களில் பாட்டு பின்னால் சாய்ந்து உட்கார்ந்ததுபோல இருக்கும். ஸ்டோனர் ராக்கின் மெதுவான நடை சோர்வாகத் தோன்றாமல் உடம்பை ஆட்டுவது இதனால்தான். இந்தச் சாய்வு இல்லாமல் வெறுமனே மெதுவாக வாசிக்கும் குழுக்களும் நிறைய உண்டு. அவற்றைக் கேட்டுச் சலித்தால் குறை உங்கள் காதில் இல்லை.

இனி மூன்று தடங்கள். முதல் தடம் ஏறத்தாழ 18 நிமிடம். கார்டீனியாவுக்குப் பிறகு வரும் ‘ஆஸ்டிராய்டு’ பாட்டில் குரலே கிடையாது. அமைதியாகத் தொடங்கி, கிடார் தேடித் திரிந்து, பிறகு மொத்தக் குழுவும் ஒன்றாக இடிந்து விழும். சத்தமும் அமைதியும் எவ்வளவு தூரம் போகலாம் என்று அளந்து காட்டும் பாட்டு அது. மூன்றாவது ‘சூப்பா ஸ்கூப்பா அண்டு மைட்டி ஸ்கூப்’. அதன் முடிவில் குழு நின்று, மௌனமாகி, மறுபடி அறைந்து, மறுபடி நிற்கும். முடிந்தது என்று நினைக்கும்போது முடிந்திருக்காது. அந்த மௌனங்களையும் தாளத்தோடு எண்ணிப் பாருங்கள். நான்கு பேரும் ஒரே கணத்தில் வந்து விழுவது எவ்வளவு கடினம் என்று புரியும்.

இரண்டாவது தடம் 15 நிமிடத்தை ஒட்டியது, ஆல்பத்தின் இதயமும் அதுதான். இரண்டரை நிமிட வேகப் பாட்டு ஒன்றில் தொடங்கி, அப்படியே ‘ஸ்பேஸ் கேடட்’ என்ற ஏழு நிமிட அக்கூஸ்டிக் பாட்டுக்குள் இறங்குகிறது. ஃபஸ் முழுவதும் அணைந்துவிட்ட அந்த ஏழு நிமிடத்தில் ஸ்காட் ரீடரின் பேஸைப் பின்தொடருங்கள். மற்ற பாட்டுகளில் கிடாரோடு கலந்து பிரித்தறிய முடியாமல் இருந்த விரல்கள் இங்கே துலக்கமாகக் கேட்கும். இதைக் கேட்ட காதோடு முதல் தடத்துக்குத் திரும்பினால் அங்கேயும் பேஸ் தனியாகப் பிரிந்து கேட்கத் தொடங்கும். பிறகு ‘டீமன் கிளீனர்’: டாம் டிரம்களில் உருண்டு உருண்டு போகும் தாளம், அதன் மேல் கிடார் வழக்கத்தைவிட மெலிந்து நடக்கும். புதியவர்கள் முதலில் விரும்பும் பாட்டு பெரும்பாலும் இதுதான். ஆனால் இதை மட்டும் தனியே எடுத்துக் கேட்டால் பாதிதான் கிடைக்கும். ஸ்பேஸ் கேடட்டின் அமைதி முன்னால் இருப்பதால்தான் அந்த உருளும் தாளம் அவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறது. மூன்றாகக் கட்டிவைத்ததன் நியாயம் இந்த இடத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாவது தடத்தில் நான்கு பாட்டுகள், மறுபடியும் 18 நிமிடம். இரண்டு குட்டிப் பாட்டுகள் நடுவில் பறந்துபோகும். அதிலொன்றான ‘என்.ஓ.’ ரீடர் முன்பு இருந்த அக்ராஸ் தி ரிவர் குழுவின் பாட்டு. அந்தக் குழுவின் கிடார்காரர் மாரியோ லல்லி இதில் வந்து வாசித்திருக்கிறார். பாலைவனக் கூட்டங்களில் மூத்தவர் அவர். கடைசியில் ‘ஒயிட்வாட்டர்’, எட்டு நிமிடம். எல்லாம் முடிந்தபின் ஒரு நிமிடத்துக்கும் குறைவான வேடிக்கைத் துணுக்கு ஒன்று ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டாலும் நட்டமில்லை.

காதுக்கு வந்து சேர வேண்டுமே

கைபேசியின் சொந்த ஸ்பீக்கரில் இந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டியவர்கள் ஏராளம். அந்தச் சிறு ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட ஊமை. நாம் பேசும் சுரங்களோ 65, 98, பேஸ் கிடாரில் 32.7. மூளை மேல் அதிர்வுகளை வைத்து அடிச் சுரத்தை ஊகித்துக்கொள்ளும் என்பதால் மெட்டு தெரியும், பருமன் வராது. கரகரப்பு மட்டும் மிஞ்சும்.

காதை முழுக்க மூடும் கம்பி ஹெட்ஃபோன் ஒன்று போதும். விலையைவிட அது காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் பொருந்துவது முக்கியம். கண்ணாடிக் காம்பின் ஓரத்தில் ஒரு கீறல் இடைவெளி இருந்தாலும் அடி அதிர்வு கசிந்துவிடும். காதுக்குள் செருகும் வகையென்றால் ரப்பர் முனையை ஒரு அளவு பெரிதாக மாற்றிப் பாருங்கள். பேஸ் திடீரென்று கூடினால் இதுவரை போட்டது பொருந்தவில்லை என்று அர்த்தம்.

ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் இரண்டு இடங்களில் தவறுவார்கள். ஒன்று, பின்சுவரிலிருந்து 1.3 மீட்டர் தள்ளி ஸ்பீக்கரை வைப்பது. 65 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5.2 மீட்டர், அதில் கால் பங்கு 1.3. அந்தத் தூரத்தில் சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையை எதிர்த்து அதே சுரத்தைத் தின்றுவிடும். இந்த ஆல்பத்தின் மையச் சுரமே அதுதான். ஸ்பீக்கரை இன்னும் சுவரோரமாக, அரை மீட்டருக்குள் கொண்டுபோனால் அந்தப் பள்ளம் மேலே நகர்ந்துவிடும். இரண்டாவது தவறு, அறையின் நட்டநடுவில் உட்கார்வது. நான்கு மீட்டர் நீள அறையில் 43 ஹெர்ட்ஸ் அலை சுவரோரம் குவிந்து நடுவில் வற்றிவிடும். நாற்காலியை நடுவிலிருந்து ஒரு முழம் பின்னால் தள்ளிக் கேட்டுப் பாருங்கள்.

பேஸைக் கூட்டும் பொத்தானைத் தொடாதீர்கள். ஏற்கெனவே கீழே அடர்ந்திருக்கும் பதிவில் இன்னும் சேர்த்தால் கிக் டிரம்மின் அடி கரைந்து, எல்லாம் ஒரே முனகலாகிவிடும். தெளிவில்லை என்று தோன்றினால் 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை 2 டெசிபல் குறைப்பது நல்லது. செயலியில் பாட்டுக்குப் பாட்டு மங்கிக் கலக்கும் கிராஸ்ஃபேடு வசதியையும், வரிசையைக் குலைக்கும் ஷஃபிளையும் அணைத்துவிடுங்கள். இணையத்தில் இப்போது பத்துப் பாட்டும் தனித்தனியாகவே கிடைக்கின்றன. மூன்று தடமாகக் கேட்க விரும்பினால் மூன்று, மூன்று, நான்கு என்று நீங்களே பட்டியல் பிரித்துக்கொள்ளலாம்.

எவ்வளவு சத்தம்? மிக மெதுவாக வைத்தால் நம் காது அடி அதிர்வுகளை முதலில் கைவிடும். ஆகவே இந்த இசைக்குக் கொஞ்சம் சத்தம் வேண்டும்தான். கேட்கும் இடத்தில் 80 டெசிபல் அளவு போதும். 85 டெசிபல் என்றால் நாளுக்கு எட்டு மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று. ஆல்பம் 51, 52 நிமிடம் ஓடும் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கேட்டு முடித்தபின் காதில் ரீங்காரம் இருந்தால் மறுமுறை குறைக்க வேண்டும். வாதம் வேண்டாம்.

குரலைப் பற்றிய புகார் மிச்சமிருக்கிறது. கார்சியாவின் குரல் முன்னுக்கு வராததும் பல இடங்களில் சொற்கள் பிடிபடாததும் கலவையில் நேர்ந்த பிழையல்ல. அவர் குரல் நான்காவது கருவி. சொல்லின் பொருளைத் தேடாமல் அவர் எந்த இடத்தில் நுழைகிறார், எவ்வளவு நேரம் வாயே திறக்காமல் இருக்கிறார் என்று பாருங்கள். பாடகர் பின்வாங்கும்போது பாட்டு தொய்வதில்லை, மாறாக வண்டி நெடுஞ்சாலையைப் பிடித்ததுபோல விரியும். பாடல் வரிகளைத் திரையில் ஓடவிட்டுக் கேட்பது இங்கே உதவாது. கண் வரியில் நிற்கும்போது காது ரிஃப்பை விட்டுவிடும்.

கையில் கிடார் இருந்தால்

வாசித்துப் பார்ப்பது கேட்பதற்குக் குறுக்குவழி. தடித்த கம்பியிலிருந்து சி, எஃப், ஏ ஷார்ப், டி ஷார்ப், ஜி, சி என்று இறக்குங்கள். 10–46 கம்பித் தொகுப்பில் (மெல்லிய, தடித்த கம்பிகளின் விட்டம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) இதைச் செய்தால் கம்பி தொளதொளத்து ஃபிரெட்டில் அடிக்கும். பழைய இழுவிசை திரும்ப வேண்டுமென்றால் விட்டம் 1.26 மடங்காக வேண்டும், அதாவது 12.6–58. கடையில் கிடைப்பதில் 12–56 அல்லது 13–58 அதற்கு அருகில் வரும். தடித்த கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்கினால் ட்யூன் செய்யும்போது ‘டிக்’ என்று தாவும். பள்ளத்தை அளவாக அகலப்படுத்த வேண்டும். 12வது ஃபிரெட்டின் சுரம் பிசகினால் பிரிட்ஜில் இன்டோனேஷனையும் சரிசெய்ய வேண்டும். நாலு கம்பி பேஸுக்கு ஒரு சுலபமான வழி உண்டு: ஐந்து கம்பித் தொகுப்பின் தடித்த நான்கை (பி, ஈ, ஏ, டி) மாட்டி ஒவ்வொன்றையும் அரைச்சுரம் ஏற்றுங்கள். சி, எஃப், ஏ ஷார்ப், டி ஷார்ப் வந்துவிடும், இழுவிசையும் நிற்கும்.

ஃபஸ் பெடலில் எல்லோரும் செய்யும் பிழை, கெயின் குமிழை முழுதாகத் திருப்புவது. தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும். டிரம்ஸ் சேர்ந்தவுடன் கிடார் காணாமல் போகும். பாதிக்கு வைத்து, சத்தத்தை ஆம்ப்பில் கூட்டுங்கள். கம்பியில் மீட்டும் வில்லையான பிளெக்ட்ரம் படும் ‘டக்’ கேட்க வேண்டும். அது போனால் தாளம் போயிற்று.

ஸ்கை வேலிக்குப் பிறகு

பின்னோக்கிப் போக 1992இன் ‘புளூஸ் ஃபார் தி ரெட் சன்’. அதே கயஸ், பேஸில் மட்டும் நிக் ஒலிவேரி. பதிவு இன்னும் முரட்டுத்தனமானது, ஆல்பமாகச் சற்றே சிதறியது. வேகமும் சிரிப்பும் வேண்டுமென்றால் ஃபூ மஞ்சு குழுவின் 1997 ஆல்பம் ‘தி ஆக்‌ஷன் இஸ் கோ’. அதற்கு விளக்கமே தேவையில்லை, கார் ஓட்டத் தெரிந்தால் போதும்.

எதிர்த் திசையில் ஸ்லீப் குழுவின் ‘டோப்ஸ்மோக்கர்’ இருக்கிறது. மூன்று தடம்கூட இல்லை, ஒரே பாட்டு, 63 நிமிடம். 1996இல் பதிவானது. பணம் போட்ட லண்டன் ரெக்கார்ட்ஸ் இதை எப்படி விற்பது என்று தெரியாமல் வெளியிட மறுத்துவிட்டது. 1999இல் ‘ஜெருசலேம்’ என்ற பெயரில் சுருக்கிய வடிவமும், 2003இல் முழு வடிவமும் வந்தன. முதல் முறையே இதில் இறங்கினால் மூழ்கிவிடுவீர்கள். ரிஃப்புக்குக் கோடு போட்டுப் பழகியபின் வாருங்கள். பாடகர் வாயைத் திறக்கவே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் தாளில் எத்தனை கோடு விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.